10301 ஆல் வகுத்த நாள்

3 பிப்ரவரி 2023, வெள்ளி

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு மாவுக்கோலம் கரைந்து, அவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. காரணம் ராஜதுரை. என் வீட்டுக்காரரிடம் படித்த பையன், இப்போது அதே கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். பையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அரைக் கிலோ அல்வாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையில் இருக்கிறவளுக்குத் திருநெல்வேலி அல்வா கொண்டுவந்தால், வாங்குகிறவள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டாமா?

துறைக்கு ஐம்பது வயதாகிறதாம். மார்ச் 24 பொன்விழா. துறை வாசலில் ஒரு கருங்கல் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள்.

"சார் கண்டுபிடிச்ச நம்பர்தான் மேடம் நம்ம துறைக்கே அடையாளம். அதைக் கல்லுல வெட்டிறணும்னு முடிவு பண்ணியாச்சு" என்று ஒரு தாளை நீட்டினார்.

10331913301
பதினோரு இலக்க விகடகவிப் பகா எண்
கண்டறிந்தவர்: பேராசிரியர் ப. சங்கரலிங்கம் (1948–2021)

சங்கரலிங்கம். நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

நாட்குறிப்புக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் வாத்தியாராக ஆசைப்பட்டு ஆகாதவளுக்கு விளக்காமல் இருக்க முடியாது. விகடகவி என்ற சொல்லைப் போல, இந்த எண்ணை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். பகா எண் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது. அது பகா எண்தான் என்று சொல்ல வேண்டுமானால், அதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 101646 வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் மீதி வருகிறது என்று காட்ட வேண்டும். மொத்தம் ஒன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வகுத்தல். அன்றைக்கு வீட்டில் இருந்த கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் அடங்கும். கல்லூரியில் கம்ப்யூட்டரே கிடையாது. 1981 மார்ச்சில் ஆரம்பித்து 1983 டிசம்பரில் முடிந்தது, எல்லாம் கையால்.

அந்தக் கை சங்கரலிங்கத்தின் கை இல்லை. இதை எழுதுகிற கை.

"என் பேரும் வரணும் ராஜதுரை" என்றேன்.

அல்வா அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

4 பிப்ரவரி, சனி

மிச்ச அல்வாவை நானே தின்று தீர்த்தேன். வயிறு சரியில்லை.

9 பிப்ரவரி, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பிறகு கல்லூரிக்குப் போனேன்.

"நீங்க எதுக்கு மேடம் வெயில்ல அலையுதீங்க? ஒரு போன் போட்டா நானே வந்திருப்பேன்லா" என்று எழுந்து நின்றார் ராஜதுரை. மரியாதைக்கு ஒருநாளும் குறைவில்லை. புதிய தாள் தயாராக இருந்தது. சங்கரலிங்கத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், 'துணைவியாரின் உறுதுணையுடன்'.

"உறுதுணைன்னா என்னது?"

"அதான் மேடம்... சார் கணக்குப் போடும்போது நேரா நேரத்துக்குக் காபி, சாப்பாடு, வீட்டுல சத்தம் இல்லாம பாத்துக்கிடுதது..."

"காபியும் நான்தான் போட்டேன். கணக்கும் நான்தான் போட்டேன். உங்க சார் குடிச்சாரு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் நம்புதேன் மேடம். ஆனா கமிட்டின்னு ஒண்ணு இருக்கே. ஆதாரம் கேப்பாங்க."

"பதினேழு நோட்டு இருக்கு. வந்து பாத்துக்கிடச் சொல்லுங்க."

1978-இல் எம்.எஸ்ஸி. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். அந்த வருடத்து வரிசையில் என் பெயர் முதலில் இருந்தது என்பதை இந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? 1984-இல் கணித ஆசிரியர்கள் பத்திரிகை ஒன்றில் அவர் பெயர் மட்டும் போட்டுக் குறிப்பு வந்தபோது, "அடுத்ததுல உன் பேரும் சேத்துப் போடுவோம், கோமு" என்றார். அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை. வந்தது மகள் உமையாள்தான். அவளுக்கும் அவருடைய முதலெழுத்துத்தான் போட்டோம்.

13 பிப்ரவரி, திங்கள்

ஆள் வைத்துப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நோட்டுகளில் இரண்டைக் கரையான் மூலையில் அரித்திருக்கிறது. எண்களைத் தொடவில்லை. கரையானுக்கு இருக்கிற விவேகம்!

ஒரு பக்கத்துக்கு மூன்று வகுத்தல். மேலே வகுக்கும் பகா எண், கல்லூரி நூலகத்து அட்டவணையைப் பார்த்து எழுதியது. ஓரத்தில் அதன் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் வாய்ப்பாடு. நடுவில் வகுத்தல். கீழே 'ஒன்பது தள்ளல்'. இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மிஞ்சுவது இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்தால் காட்டாது. கூட்டுத்தொகை மாறுவதில்லையே. அதைப் பிடிக்கத்தான் பதினொன்று தள்ளல் என்று இன்னொரு சோதனை.

ஒன்பது என் வேலை. பதினொன்று அவர் வேலை. போட்டவரே சரிபார்க்கக் கூடாது, இரண்டு கண் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து, காபி குடித்துவிட்டு, பதினொன்று தள்ளிப் பார்த்து ஒவ்வொரு கணக்குக்கும் சிவப்பு மையில் டிக் போடுவார். பதினேழு நோட்டிலும் ஒரு கணக்குகூட விடாமல் சிவப்பு டிக் இருக்கிறது.

என் கையெழுத்து அப்போது எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது. புரட்டிக்கொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

16 பிப்ரவரி, வியாழன்

ஜெயித்துவிட்டேன். ராஜதுரையும் கமிட்டியிலிருந்து இரண்டு பேரும் வந்து நோட்டுகளைப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சாயங்காலம் போன் வந்தது. கல்லில் கடைசி வரியாக வெட்டப்போகிறார்கள்:

கணக்கீடு: திருமதி கோமதிநாயகி சங்கரலிங்கம், எம்.எஸ்ஸி.

"உங்க டிகிரியையும் போடச் சொல்லிட்டேன் மேடம்" என்றார். நோட்டுகளைத் துறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். திறந்து வைக்க நல்ல பக்கமாக ஒன்றை நானே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு ஒருத்திக்காக இன்று தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைத்தேன். சந்தோஷமாக இருக்கிறது. அறுபத்தேழு வயதில் இப்படி இருப்பது கூச்சமாகவும் இருக்கிறது.

17 பிப்ரவரி, வெள்ளி

எந்தப் பக்கம் என்று யோசித்ததில் புத்திசாலித்தனமாக ஒன்று தோன்றியது. விகடகவி எண்ணை ஒரு விகடகவி எண்ணாலேயே வகுத்த பக்கம் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 10301. முன்னும் பின்னும் ஒன்று, தானும் பகா எண். மூன்றாவது நோட்டு, இருபத்தோராம் பக்கம், கடைசிக் கணக்கு. தேதி 14-7-81.

ஓரத்து வாய்ப்பாட்டில் கண் போனது. மூன்றாவது வரி: 30093.

10301-ஐ மூன்றால் பெருக்கினால் 30903. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஒன்பதும் பூஜ்யமும் இடம் மாறி விழுந்திருக்கின்றன. ஒன்பது தள்ளிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே விடைதான். கீழே நான் போட்ட சோதனையில் ஏழுக்கு ஏழு என்று கச்சிதமாக ஒத்துப்போயிருக்கிறது. ஈவு 1003079, மீதி 6522. அடியில் இரட்டைக் கோடு போட்டு, 'வகுபடாது'.

சரியான வாய்ப்பாட்டை வைத்து மறுபடி வகுத்தேன். ஏழே வரி. கடைசியில் 10301-இலிருந்து 10301-ஐக் கழிக்க வேண்டும்.

மீதி இல்லை. ஈவு 1003001.

அது பகா எண்ணே இல்லை.

18 பிப்ரவரி, சனி

சிவராத்திரி. கோவிலுக்குப் போகவில்லை. ஐந்து தடவை பெருக்கிப் பார்த்தேன். ஐந்து தடவையும் அதேதான் வருகிறது.

20 பிப்ரவரி, திங்கள்

இரண்டு நாளாக 1003001-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பகா எண்தானா என்று பார்க்க 168 வகுத்தல் போதும். ஒன்பது, பதினொன்று இரண்டும் நானே தள்ளினேன். பகா எண்தான்.

ஆக, 10331913301 என்பது 10301-ஐயும் 1003001-ஐயும் பெருக்கி வருவது. இரண்டும் பகா எண்கள், இரண்டும் விகடகவி, பெருக்கி வருவதும் விகடகவி. பெருக்கும்போது ஓர் இடத்தில்கூட அடுத்த இலக்கத்துக்கு எதுவும் ஏறுவதில்லை. எத்தனை அழகு! நாங்கள் ஊருக்குச் சொன்ன பொய்யை விட இது எவ்வளவோ மேல். நாற்பத்தொரு வருடத்துக்கு மேலாக என் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

1981 ஜூலை 14 என்ன நாள் என்று நினைவில்லை.

21 பிப்ரவரி, செவ்வாய்

நினைவில்லை என்று எழுதியது பொய். நாட்குறிப்பிலும் பொய் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அன்று காலைத் தபாலில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண்கள் கல்லூரியின் கடிதம் வந்தது. கணித விரிவுரையாளர் வேலை, ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். தினம் பஸ்ஸில் போய்வரலாம் என்று சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஏளா, ஆயிரத்து இருநூறு முடிச்சிருக்க. இப்பப் போயி விட்டா எல்லாம் வீண்லா. இது முடியட்டும், வேலை எங்க ஓடிப் போவுது?" என்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை சண்டை போட்டிருப்பேன்.

'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால்' என்று பதிலை நானே எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அன்றைய பத்து வகுத்தலையும் முடித்தேன். 10301 ஆறாவது.

சரி, தப்பு என்னுடையது. ஆனால் அந்தக் கணக்கின் பக்கத்திலும் சிவப்பு டிக் இருக்கிறது. பதினொன்று தள்ளிப் பார்த்தேன்: ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பத்து. ஒரு நிமிட வேலை. தள்ளியிருந்தால் அன்றே சிக்கியிருக்கும். அவர் தள்ளவில்லை. வெறுமனே டிக் போட்டிருக்கிறார். இந்த ஒன்றில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? மூன்று வருடம் எதிரே உட்கார்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டு, உதடு அசைய ஏதோ கூட்டுவது போல முணுமுணுத்தாரே, அதெல்லாம் என்ன?

இந்த வேலையில் அவர் பங்கு அது ஒன்றுதான். அதையும் செய்யவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

26 பிப்ரவரி, ஞாயிறு

உமையாள் பெங்களூரிலிருந்து பேசினாள். சொல்லிவிட்டேன்.

"இவ்வளவு நாளா யாருக்கும் தெரியாதுல்லா? அப்படியே விடு" என்றாள்.

"யாராவது போன்ல தட்டிப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சிரும்."

"முப்பத்தொம்பது வருஷமா ஒருத்தரும் தட்டிப் பாக்கலையே. இனி யாரு பாக்கப் போறா? எதுக்கும்மா இப்பப் போயி அப்பா பேரைக் கெடுக்குத?"

"தப்புப் போட்டது நான்ட்டி. என் பேருதான் கெடும்."

"உன் பேரு எங்க இருக்கு கெடுததுக்கு?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவசரத்தில் வந்த வார்த்தை. அதனால்தான் சுள்ளென்று இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்லில் என் பெயர் வரும், பொய்க்குக் கீழே. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. முருங்கைக்காய் வாங்கியது வாடிக் கிடக்கிறது.

2 மார்ச், வியாழன்

பதினேழு நோட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனேன். உண்மைக்காகப் போனேன் என்று எழுதிவைத்தால் நன்றாக இருக்கும். அந்தச் சிவப்பு டிக்கை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

ராஜதுரை போனை எடுத்து எண்ணைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. 10301 × 1003001. என் மூன்று வருடம், அந்தப் போனுக்கு ஒரு கண் சிமிட்டல். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், கல்லுல நம்பரை வெட்ட ஆரம்பிச்சாச்சே!"

"நம்பர் என்ன பாவம் செஞ்சுது? அது அப்படியேதான் இருக்கு. பகா எண்ணுன்னு போட்டுறாதீங்க. அவ்வளவுதான்."

பக்கத்தைத் திறந்து காட்டினேன். இடம் மாறிய இலக்கம் என்னுடையது. சரிபார்க்காமல் போட்ட டிக் உங்கள் சாருடையது. இரண்டையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த டிக்கையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசனை ஓடியது. நோட்டுகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

6 மார்ச், திங்கள்

ராஜதுரை நேரில் வந்தார். இந்தத் தடவை ஆப்பிள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"பகா எண்ணைவிட இதுதான் மேடம் பிரமாதம்! கமிட்டில எல்லாரும் அசந்துட்டாங்க" என்று தாளை மேசையில் வைத்தார்.

10331913301 = 10301 × 1003001
சங்கரலிங்கம் எண்
இரு விகடகவிப் பகா எண்களின் பெருக்கமாய் அமைந்த விகடகவி
கண்டறிந்தவர்: பேராசிரியர் ப. சங்கரலிங்கம் (1948–2021)

"இதைக் கண்டுபிடிச்சது நான் ராஜதுரை. போன மாசம் பதினேழாம் தேதி, இதே மேசையில."

"இல்ல மேடம், யோசிச்சுப் பாருங்க. எத்தனையோ விகடகவி எண் இருக்கையில சார் ஏன் இந்த நம்பரைப் போயி எடுக்கணும்? ரெண்டையும் பெருக்கித்தான் இதை உண்டாக்கியிருப்பாரு. சாருக்கு அப்பவே தெரியும். தப்பா இருக்க கணக்குக்கு சார் டிக் போடுவாரா? தெரிஞ்சுதான் போட்டிருக்காரு. அந்த டிக்தான் சாட்சி."

தாளை இன்னொரு தடவை அடிவரைக்கும் படித்தேன். பிறகு, "கணக்கீடுன்னு என் பேரு இருந்துதே, எங்க?" என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "கணக்குல தப்பு வந்திருக்குல்லா மேடம். அதுக்குக் கீழ உங்க பேரைப் போட்டா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். உங்களுக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு? உங்க நல்லதுக்குத்தான் எடுத்தோம்."

தப்பு என்றால் அது என்னுடையது. கண்டுபிடிப்பு என்றால் அது அவருடையது. செத்து ஒன்றரை வருடம் ஆன மனிதர், உயிரோடு இருந்ததைவிட இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறார். போகும்போது ராஜதுரை என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

7 மார்ச், செவ்வாய்

ஆப்பிளை மாட்டுக்குப் போட்டேன்.

15 மார்ச், புதன்

பென்ஷன் வேலையாக வங்கிக்குப் போனவள், அப்படியே கல்லூரிப் பக்கம் போனேன். துறை வாசலில் தார்ப்பாய் கட்டி, கீழே கல் கிடந்தது. கொத்துகிறவர் வல்லநாட்டுக்காரர், பெயர் பிச்சாண்டி. வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார்.

"விசித்திரமான நம்பரும்மா. நான் இந்தப் பக்கமும் என் தம்பி அந்தப் பக்கமுமா உக்காந்து கொத்திக்கிட்டே வந்தோம். நடுவுல ஒம்போதுல வந்து முட்டிக்கிட்டோம்" என்றார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் யாரும்மா கணக்குப் போட்டது?"

இத்தனை நாளில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள்.

"நான்தான் போட்டேன்."

"அப்ப ஒங்க பேரைக் கொத்தச் சொல்லலையே?"

"சொல்ல மாட்டாங்க."

அவர் கல்லின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். "கீழ அரைச் சாண் எடம் கெடக்கு. ஒங்க பேரைச் சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல கொத்திருதேன். கேட்டா, தாள்ல இருந்துதுன்னு சொல்லிக்கிடுதேன். கல்லுல விழுந்தத யாரு அழிக்கப் போறா?"

வாசலில் யாரும் இல்லை. மதிய வேளை. பெயரைச் சொன்னால் போதும், ஆறு எழுத்து.

"வேண்டாம். உங்களுக்குக் கெட்ட பேரு வரும்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார். அவருக்காகத்தான் வேண்டாம் என்று சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

24 மார்ச், வெள்ளி

பொன்விழா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். என்னையே திரையை விலக்கச் சொன்னார்கள், விலக்கினேன். பிச்சாண்டி நன்றாகத்தான் கொத்தியிருக்கிறார். ஓர் இலக்கமும் இடம் மாறவில்லை.

மேடையில் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். சொல்லிவிட்டேன்.

"இந்த எண் 10301 ஆல் வகுபடும்னு கண்டுபிடிச்சது நான். முதல்ல தப்பாப் போட்டதும் நான். ஒன்பதாயிரத்து எழுநூறு வகுத்தலையும் போட்டது நான். சங்கரலிங்கம் ஒரு வகுத்தல்கூடப் போடலை. சரிபார்க்கக்கூட இல்லை."

பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில். அதற்குள் ராஜதுரை பக்கத்தில் வந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர் குரலும் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"பாத்தீங்களா? சாரைப் பேரு சொல்லி உரிமையாத் திட்டுதாங்க! இத்தனை வருஷம் சாரோட வாழ்ந்து வாழ்ந்து, சாரோட கணக்கே தன்னோட கணக்குன்னு ஆயிப்போச்சு அம்மாவுக்கு. இதுதான் தாம்பத்தியம்!"

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. என் பக்கத்தில் இருந்த கல்லூரி முதல்வரின் மனைவி கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

25 மார்ச், சனி

பேப்பரில் படம் வந்திருக்கிறது. 'கணவர் நினைவில் மேடையில் கண்கலங்கிய மனைவி'. எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார்கள். உமையாள் போன் பண்ணி, படத்தில் புடவை எடுப்பாக இருப்பதாகச் சொன்னாள்.

28 மார்ச், செவ்வாய்

நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்று என்று தகவல் வந்ததால் போய்ப் பார்த்தேன். துறை நடையில், தேக்குச் சட்டம் போட்டு, உள்ளே குழல்விளக்கு எரிகிற பெட்டி. பூட்டியிருந்தது. மேலே 'பேராசிரியர் ப. சங்கரலிங்கத்தின் கையெழுத்துப் பிரதிகள்' என்று ஒரு பித்தளைத் தகடு. பதினாறு நோட்டுகளை முதுகு தெரிய அடுக்கி, ஒன்றை மட்டும் நடுவில் திறந்து வைத்திருந்தார்கள்.

எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். முதல் நோட்டின் முதல் பக்கம். கணக்கு எதுவும் கிடையாது. 'ப. சங்கரலிங்கம், எம்.எஸ்ஸி., கணிதத் துறை' என்று நீல மையில் சாய்வாக எழுதியிருந்தது. அந்தப் பதினேழு நோட்டிலும் அவர் கையால் எழுதிய வரி அது ஒன்றுதான்.